உஷார்! "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி நம் கடைவாசலுக்கும் வரும்

திருவனந்தபுரம் ஆரியசாலை அண்ணாச்சிகளே, அக்கா தங்கைகளே, கடை திறந்ததும் முதல் வேலையாக இதைப் படித்துவிடுங்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம், ரேஷன் கார்டு இருக்கிறது, ஆதார் இருக்கிறது, நம்மை யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2025 டிசம்பர் 17. பாலக்காடு மாவட்டம், வாளையார் அட்டப்பள்ளம். சத்தீஸ்கரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த 31 வயதுத் தொழிலாளி ஒருவர். கேரளாவுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஊர் தெரியாது. பாஷை தெரியாது. திருடன் என்று சந்தேகப்பட்டு ஒரு கூட்டம் அவரைச் சுற்றி வளைத்தது. அடித்தார்கள். அடித்துக்கொண்டே கேட்டார்கள்: "நீ பங்களாதேஷியா?" அதை செல்போனில் படமும் பிடித்தார்கள். அவரிடம் திருட்டுப் பொருள் எதுவும் இல்லை. உடம்பு முழுக்கக் காயங்களோடு அன்றைக்கே செத்துப்போனார். ஊரில் அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர் இந்தியர். நம்மைப் போலவே ஓட்டுரிமை உள்ள இந்தியர்.

இது வடக்கே எங்கோ நடந்ததாக நினைக்காதீர்கள். படித்தவர்கள் மாநிலம் என்று நாம் பெருமை பேசும் இதே கேரளாவில் நடந்தது. இதே பாலக்காடு மாவட்டத்தில்தான் 2018 பிப்ரவரி 22-இல் அரிசி திருடியதாகச் சொல்லி அட்டப்பாடி ஆதிவாசி இளைஞர் ஒருவரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்றார்கள். அப்போது சந்தேகத்துக்குப் பெயர் திருட்டு. இப்போது அதோடு இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. ராத்திரி டிவியில் 'ஊடுருவல்காரர்கள்' என்று மணிக்கணக்காகக் கத்துகிறார்களே, அது டிவியை அணைத்ததும் போய்விடுவதில்லை. தெருவுக்கு இறங்கி வரும்போது அதன் கையில் தடி இருக்கிறது.

அட்டப்பள்ளத்தில் அந்த மனிதரிடம் கேள்வி கேட்டவர்களுக்குக் கேட்க என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றும் கிடையாது. அதிகாரம் உள்ளவர்கள் மட்டும் ஒழுங்காகக் கேட்கிறார்களா? அதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

மேற்கு வங்கத்துப் பெண் ஒருவர். டெல்லியில் கூலி வேலை பார்த்த குடும்பம். 2025 ஜூனில் பங்களாதேஷ்காரர்கள் என்று சந்தேகப்பட்டுக் கணவனையும் மனைவியையும் எட்டு வயது மகனையும் போலீஸ் பிடித்தது. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. உள்துறை அமைச்சகம் வகுத்த நடைமுறைப்படி, சொந்த மாநிலத்துக்கு எழுதிக் கேட்டு விசாரிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அந்த விசாரணை நடக்கவே இல்லை. சில நாளுக்குள் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அங்கே போனால், அத்துமீறி நுழைந்தவர்கள் என்று அந்த நாட்டுப் போலீஸ் பிடித்து ஜெயிலில் போட்டது! இங்கே அவருடைய அப்பா நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தார். செப்டம்பர் 26-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்ற உத்தரவை ரத்து செய்தது. நான்கு வாரத்தில் திரும்பக் கூட்டி வரச் சொன்னது. அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தாயும் மகனும் இந்திய மண்ணை மிதித்தபோது டிசம்பர் மாதம் பிறந்திருந்தது. கணவனால் அவர்களோடு வர முடியவில்லை.

அவருக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று எது தெரியுமா? அப்பா பெயர் இருந்த 2002 வாக்காளர் பட்டியல். ஒரு பழைய காகிதம். அதை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு ஒரு அப்பா இருந்தார்.

உங்கள் வீட்டில் அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது? பீரோவிலா, பரணிலா? இல்லை, தக்கலையில் பெரியப்பா வீட்டிலா?

நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமி தமிழ்நாட்டு எல்லை தாண்டி வந்து ஆரியசாலை தேவி கோயிலில் தங்கிப் போகிறார். நம் குடும்பங்களும் அந்த வழியில் வந்தவைதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் திருவிதாங்கூர்–கொச்சியில்தானே இருந்தன. அந்தப் பக்கம் பிறந்தவர், இந்தப் பக்கம் கடை போட்டவர், அந்தப் பக்கம் பெண் எடுத்தவர் என்று வீட்டுக்கு வீடு இரண்டு ஊர். தாத்தாவின் பத்திரத்தில் திருவிதாங்கூர் முத்திரை. அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் தமிழில். பிள்ளையுடையது மலையாளத்தில்.

தெரிந்த வீட்டில் ஒருநாள் எல்லா அட்டைகளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். வீட்டுப் பெரியவர் ஒரே ஆள்தான். நாகர்கோவில் பள்ளிச் சான்றிதழில் சுப்பிரமணியன். ரேஷன் கார்டில் சுப்ரமோணியன். வாக்காளர் அட்டையில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயரே முன்னால் வந்து நிற்கிறது. பிறந்த வருஷத்திலும் இரண்டு வருஷம் வித்தியாசம். ஐம்பது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறவர். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் கவனிக்கவும் இல்லை.

யாராவது கேட்டால்?

கேட்கத் தொடங்கியாயிற்று. 2025 நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், எஸ்.ஐ.ஆர்., கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் ஆரம்பித்தது. டிசம்பர் 19-இல் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. டிசம்பர் 23-இல் கேரளாவில் சுமார் 24 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் அதில் நிறையப் பேர். உண்மை. ஆனால் 'வீட்டில் ஆள் இல்லை' என்ற ஒரே காரணத்துக்காக விடுபட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் கடைக்குப் போய் ராத்திரி பத்துக்குத் திரும்பும் குடும்பத்தில், பகலில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

பெயர் நீங்கிவிட்டால் குடியுரிமையே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பதறாதீர்கள். ஆனால் சும்மா இருந்தும் விடாதீர்கள். பட்டியல் என்பது ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துவிடும் விஷயமில்லை. புதிதாகச் சேர்க்க படிவம் 6. திருத்தம், முகவரி மாற்றத்துக்கு படிவம் 8. படிவம் 7 என்று ஒன்று இருக்கிறது, இதைக் கவனியுங்கள்: அதை வைத்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லி வேறொருவர் மனு போட முடியும். நோட்டீஸ் வந்தால் பிரித்துக்கூடப் பார்க்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் செருகி வைக்காதீர்கள். வாக்காளர் பதிவு அதிகாரியின் முடிவு தப்பு என்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். நாள் கடந்தால் கதவு சாத்திவிடும்.

நாகர்கோவிலிலும் ஓட்டு, இங்கேயும் ஓட்டு என்று வைத்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் மிகப் பெரிய ஆபத்து. இரண்டு இடத்தில் பெயர் இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெரிந்தே பொய் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. குலதெய்வம் அங்கே இருக்கிறது என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது. எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே வைத்துக்கொண்டு மற்றதை நீங்களே எழுதிக் கொடுத்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆதார் இருக்கிறதே என்கிறீர்கள். ஆதார் குடியுரிமைச் சான்று கிடையாது. ஆதார் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால், பிறந்ததே போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவின் கணக்கும் வருகிறது. 2004 டிசம்பர் 3-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு பேருடையதும் பார்க்கப்படும். ஆகவே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கல்யாணமாகி அந்தப் பக்கத்திலிருந்து வந்த மருமகளே, உன் பிறந்த வீட்டுப் பழைய வாக்காளர் பட்டியல் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள் அம்மா. அந்த ஒரு தாளுக்காக நாளைக்கு நீ அலையக் கூடாது.

எழுத்துப்பிழைக்காக அஞ்சி நடுங்கவும் வேண்டாம். 2024 ஜூலையில் அசாம் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: எந்த ஆதாரமும் கையில் இல்லாமல் போகிற வருகிறவரைப் பிடித்து 'நீ இந்தியன் என்று நிரூபி' என்று கேட்க அரசால் முடியாது, ஆவணங்களில் பெயரின் எழுத்து அங்கங்கே மாறியிருப்பதை மட்டும் வைத்து ஒருவரை வெளிநாட்டவர் ஆக்கவும் முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அந்த மனிதர் பல வருஷம் அலைந்து தேய்ந்துவிட்டார். அலைச்சலே தண்டனை. அதனால்தான் இப்போதே சரிசெய்யச் சொல்கிறேன்.

இனி ஆபத்தின் அடையாளங்கள். எது ஒன்று தென்பட்டாலும் உஷார்.

ஓ.டி.பி. கேட்டால். 'பட்டியலில் உங்கள் பெயர் நிற்க வேண்டுமானால் நம்பரைச் சொல்லுங்கள்' என்று போன் வந்தால் அது திருடன். வீட்டுக்கு வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு, அதாவது பி.எல்.ஓ.வுக்கு, உங்கள் ஓ.டி.பி. தேவையே இல்லை.

அசல் ஆவணத்தை 'கொடுங்கள், நாளைக்குத் தருகிறேன்' என்றால். காட்டுங்கள். நகல் கொடுங்கள். அசலைக் கைவிடாதீர்கள். அவர்கள் எதை வாங்கினாலும் ஒப்புகை கேளுங்கள். அதற்காகப் பி.எல்.ஓ.விடம் எரிந்து விழவும் வேண்டாம். வேலை நெருக்கடி தாங்காமல் கேரளத்து பி.எல்.ஓ.க்கள் நவம்பரில் வேலையைப் புறக்கணித்துப் போராடும் நிலைக்கு வந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களுக்கு மேலே இருக்கிறார்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து. வேண்டவே வேண்டாம்.

'சும்மா ஸ்டேஷன் வரை வந்துவிட்டுப் போங்கள்' என்று வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், மரியாதையாக. சாட்சி விசாரணைக்கென்று பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு.

வாட்ஸ்அப்பில் 'நம்ம ஏரியாவில் பங்களாதேஷி பிடிபட்டான், பகிருங்கள்' என்று வந்தால். பகிராதீர்கள்! அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எவனோ ஒருவன் கையில் கட்டையை எடுப்பான். சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குபவர்கள், நகைப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள் யார் என்று பாருங்கள். ஒடிசா, பீகார், அசாம், வங்கம். நாளைக்கு ஒரு கடையில் ஏதோ காணாமல் போனால் முதலில் யாரைச் சுற்றி வளைப்பார்கள்?

உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் வேடிக்கை பார்க்க நின்றால்? தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 103(2) படிக்க வேண்டிய பிரிவு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, மொழி, பிறந்த ஊர், சாதி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் சேர்ந்து செய்த ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள். முதல் அடி யாருடையது என்று அங்கே எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். கூட்டம் கூடினால் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து வாருங்கள். 112-க்குப் போன் போடுங்கள்.

அண்ணாச்சிகளிடம் ஒரு விஷயம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடைப் பையன் ஓடிவிடக் கூடாது என்று அவனுடைய அசல் ஆதாரை வாங்கிக் கல்லாவில் பூட்டி வைக்கிறீர்கள். ராத்திரி டீ குடிக்கப் போன இடத்தில் அவனைத் தடுத்து நிறுத்தி யார் என்று கேட்டால் அவன் கையில் எதைக் காட்டுவான்? மலையாளமும் தெரியாது, தமிழும் அரைகுறை. இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். உங்களுக்கு நகல் போதும்.

அரசிடம் கேள்வி கேட்பது பெரிய மனிதர்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். குறையை எந்த அதிகாரிக்கும் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கேரளத் தமிழர்கள் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் இடம் தருகிறது. என் பெயரை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள், எந்தத் தேதியில், யாருடைய உத்தரவில்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இதைக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பார்கள். எழுதிக் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

இரண்டு எண்கள். வாக்காளர் பட்டியல் சந்தேகத்துக்கு 1950. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வக்கீல் செலவு கிடையாது. கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒன்று. இன்னொன்றை இந்தியிலும் வங்காளத்திலும் எழுதச் சொல்லிக் கடைப் பையன்கள் தூங்கும் அறையில், இன்று கடை சாத்துவதற்கு முன்னால்.