ஏரியில் மீன் வளர்ப்பும் ஜலத்தின் சுத்தமும்

ஏரியை மீன் பாசிக்குக் குத்தகை விட்டால் சங்கத்திற்கு வருமானம் உண்டு. ஆயின் அதே ஏரியின் ஜலம் குடிப்பதற்கும், கால்நடைகளுக்கும், பாசனத்திற்கும் வேண்டியிருப்பதால், மீன் வளர்ப்பினால் ஜலம் கெடுமா என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

மீனால் மட்டும் ஜலம் கெடுவதில்லை. கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டை வகைகள் ஏரியில் இயற்கையாக உண்டாகும் நுண்ணுயிர்களையும் மட்கிய பொருள்களையும் தின்று வளர்பவை. இவற்றை மிதமாக விட்டு, தீனி இடாமல் வளர்ப்பதில் கெடுதி சொற்பமே. அதிக லாபங் கருதிக் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, தவிடு, பிண்ணாக்கு, சாணம், கோழி எரு ஆகியவற்றை மிகுதியாகக் கொட்டும்போதே தொல்லை ஆரம்பமாகிறது. எஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அடியிற் படிந்து அழுகுகின்றன. அவற்றிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும், வயலில் பயிரை வளர்ப்பதுபோல், ஜலத்தில் பாசியை வளர்க்கின்றன. ஜலம் பச்சை நிறமடைந்து நாற்றம் வீசும். நீலப்பச்சைப் பாசிகளிற் சில கால்நடைகளுக்கு விஷமாவதும் உண்டு.

பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவே பிராணவாயுவை உட்கொள்ளுகிறது. அடியில் அழுகும் பொருள்களும் அதையே கவர்கின்றன. ஆகையால் விடியற்காலையில் பிராணவாயு மிகவுங் குறைந்துவிடும். அவ்வேளையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிப்பதைக் கண்டால், உடனே தீனியையும் எருவையும் நிறுத்திப் புது ஜலம் விடவேண்டும்.

கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு இடையேயுள்ள கொல்லேரு ஏரியின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும். அங்கே 1970-க்குப் பின்னர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஏரிப் படுகையில் மீன் குளங்கள் அமைத்துக் கொடுக்கப்பட்டன. நாளடைவில் அவற்றிற் பல குத்தகையின் மூலம் வெளியார் வசமாயின. புதிய குளங்களும் பெருகின. குளக்கரைகள் நீரோட்டத்தைத் தடுத்தன. குளங்களின் கழிவு ஜலம், பட்டணக் கழிவுடன் சேர்ந்து ஏரியைக் கெடுத்தது. 1999-இல் ஏரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2006-இல் ஏராளமான குளக்கரைகளை அரசாங்கமே உடைத்தது.

ஆகவே, குத்தகைப் பத்திரத்தில் தொகையை மட்டும் எழுதுதல் போதாது. விடும் குஞ்சுகளின் எண்ணிக்கை, இடும் தீனியின் அளவு, கோழி எருவுக்குத் தடை, நீர்வரத்தையும் கலங்கலையும் மறித்துக் கரை போடாமை ஆகிய நிபந்தனைகளையும் சேர்த்தல் வேண்டும். குத்தகைதாரர் அவற்றை மீறினால் குத்தகையை ரத்து செய்யும் அதிகாரம் சங்கத்திடமே இருத்தல் வேண்டும்.