பிறந்து எத்தனை நாள் ஆச்சு? பச்சைக் குழந்தையின் கண்ணில் சீழ்

போன வாரம் எபிசோட் வரலை. நான் பாலக்கோடு பக்கம் எங்க ஊர்ல இருந்தேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஆறாவது நாள். காலையில பாப்பாவால ஒரு கண்ணைத் திறக்கவே முடியலை. இமை வீங்கி, மஞ்சளாச் சீழ். "ரெண்டு சொட்டு தாய்ப்பால் விடு, சரியாயிடும்"னாங்க ஆயா. நல்லவேளை, அன்னிக்கு நர்சம்மா வீட்டுக்கு வந்தாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வி: "பிறந்து எத்தனை நாள் ஆச்சு?"

நம்ம வேலையில சொன்னா, லாக்ல முதல்ல டைம்ஸ்டாம்ப் பார்க்கிற மாதிரி. முதல் 28 நாளுக்குள்ள வர்ற இந்தத் தொற்றுக்கு நாள் கணக்கு ஒரு பெரிய துப்பு. 2லேர்ந்து 5 நாளுக்குள்ள, இமை பயங்கரமா வீங்கி, துடைக்கத் துடைக்கச் சீழ் வந்தா, கொனோரியா கிருமியைத்தான் முதல்ல சந்தேகப்படணும். பிரசவத்தப்போ தாய்கிட்டேர்ந்து தொத்துறது. விட்டா ஒரே நாள்ல கூட கருவிழியைத் துளைச்சிடும். சித்தேரி மலையிலேர்ந்து அரூருக்கு இறங்க வேண்டிய குடும்பம் "நாளைக்குப் பார்க்கலாம்"னு சொன்னா, போறது பார்வை. 108ஐக் கூப்பிடுங்க.

5லேர்ந்து 14 நாள்னா கிளமிடியாவா இருக்கலாம். அதுவும் தாய்கிட்டேர்ந்துதான், பின்னாடி நிமோனியாவும் வரலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி கிருமிகளும் இதே சமயத்துல வரும். அதனால நாளை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, சீழை எடுத்து டெஸ்ட் பண்ணணும். கொனோரியாவுக்கு ஊசி, கிளமிடியாவுக்கு வாய்வழி மருந்து. இந்த ரெண்டுக்கும் சொட்டு மருந்து மட்டும் போதாது. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி விடுறது இதனாலதான் ஆபத்து. (சிவக்காம, வீங்காம வெறும் பீளை கட்டினா பெரும்பாலும் கண்ணீர்க்குழாய் அடைப்பு. அதையும் டாக்டரே சொல்லட்டும்.)

கொனோரியா கிருமியை நைசர் கண்டுபிடிச்சது 1879ல. அடுத்த வருஷமே ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல கிரெடேன்னு ஒரு பிரசவ டாக்டர், பிறந்த உடனே குழந்தை கண்ல சில்வர் நைட்ரேட் சொட்டு விட ஆரம்பிச்சார். அவர் ஆஸ்பத்திரியில பத்துல ஒரு குழந்தைக்கு வந்துட்டிருந்த தொற்று, நூத்துல ஒண்ணுக்கும் கீழ போயிடுச்சு. ஆனா அந்தச் சொட்டே கண்ணை எரிக்கும். கர்ப்பத்துலயே தாயைப் பரிசோதிச்சு மருந்து குடுக்கிறது இன்னும் நல்ல வழி.

தர்மபுரியில டாக்டர் பாப்பாவைப் பார்த்துட்டு, அக்காகிட்டயும் மாமாகிட்டயும் தனித்தனியா, எரிச்சல், வெள்ளைப்படுதல், பழைய தொற்று எதாவது உண்டான்னு கேட்டாங்க. மாமா முகம் சிவந்துடுச்சு. "எங்களை என்னன்னு நினைச்சாங்க?"னு வெளிய வந்து கத்தினார். இந்தக் கிருமிகள் ஒரு அறிகுறியும் காட்டாம வருஷக்கணக்கா உடம்புல இருக்கலாம். இருந்தா ரெண்டு பேருக்குமே சிகிச்சை வேணும். இல்லேன்னா ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குத் திரும்ப வந்துடும். இதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு ரெண்டு டீ ஆச்சு.

ரிசல்ட் வந்தது: ஸ்டஃபைலோகாக்கஸ். டாக்டர் எழுதின சொட்டு மருந்துல கண் தெளிஞ்சிடுச்சு. ஆயா இன்னும் தாய்ப்பால்தான் குணமாக்குச்சுன்னு சொல்றாங்க.