ஒரே தாள், ஆளுக்கொரு மார்க்

1912-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்டார்ச்சும் எட்வர்ட் எலியட்டும் ஓர் ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றுக்கு அனுப்பினார்கள். திருத்தியவர்கள் 142 ஆசிரியர்கள். ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொன்னார்கள். மறு ஆண்டு வடிவியல் தாள் போனது. அது இன்னும் மோசம்: 28-இல் தொடங்கி 90-ஐயும் தாண்டியது! விடைக்கு மட்டும் மார்க் போட்டவர்கள் சிலர். தாள் சுத்தமாக இல்லை என்று குறைத்தவர்களும் உண்டு.

இந்த ஆட்டத்தை எண்ணாக்க முடியுமா? ராணுவ அதிகாரியாக இருந்து உளவியலுக்கு வந்த சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904-லேயே தொடங்கிவிட்டார். கிடைக்கும் மதிப்பெண்ணில் உண்மையும் பிழையும் கலந்திருக்கின்றன. இரண்டு முறை அளந்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் பிழையின் பங்கு தெரியும். ஆனால் அதே தேர்வை மறுபடி வைத்தால் பையன்களுக்குக் கேள்வி நினைவிருக்குமே! அதனால் ஒரே தேர்வை ஒற்றைப்படைக் கேள்விகள், இரட்டைப்படைக் கேள்விகள் என இரண்டாகப் பிரித்தார்கள். பாதித் தேர்வு சின்னது, நம்பகமும் குறைவு. அதைச் சரிக்கட்டும் சூத்திரத்தை 1910-இல் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் ஒரே இதழில் தனித்தனியே வெளியிட்டார்கள். பாதிகளுக்கிடையே ஒட்டுறவு 0.6 என்றால் முழுத் தேர்வின் நம்பகத்தன்மை 0.75.

எப்படிப் பிரிப்பது என்பதைப் பொறுத்து விடை மாறும் என்ற தொல்லைக்கு 1951-இல் லீ குரோன்பாக் 'ஆல்ஃபா' என்ற அளவைத் தந்தார். இன்று ஆய்வேடுகளில் அது இல்லாத கருத்துக்கணிப்பு அபூர்வம். 0.7-ஐத் தாண்டியதும் எல்லாம் சரி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. ஆல்ஃபா, கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். கருமியான ஆசிரியர் எல்லாக் கேள்விக்கும் ஒரேமாதிரி குறைத்தால், அது கண்டுகொள்ளாது. அதற்கு இன்னொருவரும் திருத்த வேண்டும்.

நம்பகத்தன்மை தெரிந்தால், ஒருவரின் மதிப்பெண்ணில் பிழை எவ்வளவு என்றும் கணக்கிடலாம். நம்பகத்தன்மை 0.84, மதிப்பெண்களின் பரவலைக் காட்டும் திட்டவிலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து 0.84-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, பத்தால் பெருக்கினால் பிழையின் அளவு 4. எழுபது வாங்கியவரின் உண்மை மதிப்பெண் ஏறத்தாழ 66-க்கும் 74-க்கும் இடையில். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புடன்தான். அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வு முடிவில் மதிப்பெண்ணோடு இப்படியொரு வீச்சையும் அச்சிடுகிறார்கள். நம் பொறியியல் கலந்தாய்விலோ கட்-ஆஃபைத் தசமப்புள்ளிக்குப் பின்னாலும் பார்த்து வரிசைப்படுத்துகிறோம்.