வாசலில் உட்கார்ந்திருப்பவர் பேர் என்ன?

திண்டுக்கல்லில் வீடில்லாதவருக்கும் ஒரு வாரக் கணக்கு உண்டு. செவ்வாய், வெள்ளி என்றால் கோட்டை மாரியம்மன் கோயில். வெள்ளி மதியம் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பேகம்பூர் பள்ளிவாசல். ஞாயிறு காலை சூசையப்பர் கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கும் உரிய நாள் என்பதால் அவர் சுரூபம் இருக்கிற எந்தக் கோயில் வாசலும் வெறுங்கையோடு அனுப்பாது. தைப்பூசம் நெருங்கினால் பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்குச் சாலையோரம் பந்தல் போட்டுச் சோறு போடுவார்கள். அந்த வரிசையில் நின்றால் நீ யாத்திரைக்காரனா என்று யாரும் கேட்பதில்லை.

மதுரை, திருச்சி, கரூர், பழனி என்று நாலு பக்கத்து ரயிலும் வந்து சேர்கிற சந்திப்பு இது. வீட்டைவிட்டு வந்தவர், வீட்டார் கொண்டுவந்து விட்டுப்போனவர், எந்த ஊர் என்றே சொல்லத் தெரியாதவர் எல்லாரும் இங்கே இறங்குகிறார்கள். சோற்றுக்கு எப்படியோ வழி பிறந்துவிடுகிறது. ஆனால் ஒருவர் பல வருஷம் ஒரே வாசலில் சாப்பிட்ட பிறகும் அவர் பேர் ஒருவருக்கும் தெரியாமலிருப்பது ரொம்பச் சுலபம்.

பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் சபைக் கமிட்டிகளிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று: "போட்டுப் போட்டே பழக்கிட்டோம். இனி உழைக்கவே மாட்டாங்க." ஏதோ இந்தக் காலத்து ஞானம் போலத்தான் சொல்கிறார்கள். அது இந்தச் சமவெளியில் நூற்றைம்பது வருஷப் பழசு.

சூசையப்பர் கோயிலைக் கட்டி முடித்தது 1872-ல். நாலே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஊருக்கு ஊர் கஞ்சித்தொட்டி, நிவாரண முகாம், மண்வெட்டும் வேலை. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகாம்களில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் குறைவு) தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். செலவு மிச்சம் ஒரு காரணம். தாராளமாகக் கொடுத்தால் தேவையில்லாதவனும் வந்து ஒட்டிக்கொள்வான், பிறகு போகமாட்டான் என்பது இன்னொன்று. ஒரு ராத்தலில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை ஏற்ற வேண்டிவந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். தக்காணத்திலும் தென்னிந்தியாவிலுமாக அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சோற்றைக் குறைத்தால் சோம்பல் குறையும் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு ராத்தல்தான் நினைவுக்கு வருகிறது.

அதே பஞ்சத்தில் தென் மாவட்டங்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அவர்கள் பேரன் காலம்வரை போகவில்லை. பிறகு 1950களில், அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டம் வந்தபின், பால்பவுடரும் கோதுமையும் எண்ணெயும் திருச்சபை அமைப்புகள் வழியாகவும் வந்து இறங்கின. மூட்டை வந்த அன்றைக்குப் பங்குச்சாமியார் வீட்டு முற்றத்தில் கூட்டம். மூட்டை நின்ற அன்றைக்கு முற்றம் காலி. கொடுத்தவர்கள் குடும்ப அட்டை போட்டுக் கணக்கு வைத்தார்கள், உண்மைதான். அந்த அட்டையும் எத்தனை தலை, எத்தனை படி என்பதோடு நின்றுவிட்டது.

இந்த ஏற்பாட்டோடு ஒட்டாத மனிதர் ஒருவர் இதே வட்டாரத்தில் இருந்தார். அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். காந்தியர்களோடு பழகியதற்காக 1930-லும், மறுபடி 1944-லும் வெள்ளை அரசு நாட்டைவிட்டு அனுப்பிய பாதிரியார். சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பிவந்து, 1947-ல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்துக்காரர்களோடு ஒருவராகிவிட்டார். பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்த ஜெகந்நாதன் அவருக்கு நெருக்கம். மிஷன் பங்களாவில் உட்கார்ந்து கொடுப்பதைவிடக் குடிசைக்குப் போய்க் கூட இருப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. 1955-ல் ஏ.கே. தரியன், ஜேக்கப் செரியன் என்ற இரண்டு டாக்டர்கள் கேரளத்திலிருந்து வந்து ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கியதும் அந்தக் காற்றில்தான். ஏழைக்கு நிலம், நோயாளிக்கு உள்ளூரிலேயே வைத்தியம். இந்த இரண்டும் இருந்தால் வீதிக்கு வருகிறவர் பாதியாகக் குறைவார் என்று நினைத்தவர்கள் அவர்கள். பால்பவுடரை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கெய்த்தானை இன்று திண்டுக்கல்லில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாசலில் உட்கார்ந்திருப்பவரும் மாறிவிட்டார். அன்று கோயில் வாசல் என்றால் தொழுநோயாளிகள். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் நோயைக் குணப்படுத்த முடிந்தது, அந்த வரிசை சுருங்கியது. அவர்களை எழுப்பிவிட்டது தானம் அல்ல, மாத்திரை. இன்று அங்கே இருப்பவர்கள் பிள்ளைகள் கைவிட்ட கிழவர்கள், மனம் பிசகியவர்கள், குடியில் வீட்டை இழந்தவர்கள். மூவருக்கும் தேவை வேறு வேறு. நாம் மூவருக்கும் ஒரே பொட்டலத்தைத்தான் நீட்டுகிறோம்.

பொட்டலமும் மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பிடியரிசி. தெரு தெருவாகச் சேர்ந்த அரிசி என்பதால் எந்தக் கிழவிக்குப் போகிறது என்று தெருவுக்குத் தெரியும். இன்று பிறந்தநாள், நினைவுநாள், கல்யாண நாள் என்று பிரியாணிப் பொட்டலம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு மூன்று, புதன்கிழமை ஒன்றுமில்லை. கொடுப்பவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அடுத்த வருஷம் அதே தேதிக்கு அவருக்கு யாராவது வாசலில் இருந்தாக வேண்டும். பழக்கம் இரண்டு பக்கமும்தான் ஒட்டிக்கொள்கிறது.

இதே ஊரில் ஒரு சாப்பாடு மட்டும் யாரையும் பிச்சைக்காரர் ஆக்குவதில்லை. ஆகஸ்டில் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழா. நேர்ச்சையாக வருகிற ஆடுகள், கோழிகள், அரிசி, காய்கறி எல்லாம் ஒரே சமையலாகி இரவோடு இரவாகப் பந்தி நடக்கும். எல்லா மதத்துக்காரர்களும் வாளியும் தூக்குமாக வருவார்கள். ஆட்டை நேர்ந்துவிட்டவரும் அதே வரிசையில், ஒன்றும் கொண்டுவராதவரும் அதே வரிசையில். ஆனால் அது வருஷத்துக்கு ஒரு முறை.

மிச்ச நாட்களுக்கு என்ன செய்யலாம்? திருச்சபையின் பழைய பலம் ஒன்று இருக்கிறது: பதிவேடு. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் தேதி, பெற்றோர் பேர், சாட்சி பேர் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த நிறுவனம் அது. வாசலில் இருப்பவருக்கு மட்டும் பக்கம் இல்லை. இன்று அந்தப் பக்கம்தான் சோற்றைவிட மேலே தூக்கும். முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதை வாங்க ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாருக்கு முகவரி வேண்டும். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சான்றிதழை ஆதாருக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். ஆயிரம் பொட்டலம் செய்யாத வேலையை அந்த ஒரு கையெழுத்து செய்துவிடும்.

காப்பகம் அங்கீகாரத்தோடு இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் கருணை இல்லத்தில் அனுமதி பற்றியும் இறந்தவர்களை அடக்கம் செய்யும் முறை பற்றியும் கேள்விகள் எழ, அங்கிருந்த முதியவர்களை அரசு வேறு இல்லங்களுக்கு மாற்றியது. உள்ளே நடந்தது என்ன என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. யார் எங்கிருந்து வந்தார், அவருக்கு யார் இருக்கிறார் என்பது வெளியாள் படித்துப் பார்க்கக்கூடிய கணக்காக இருந்தால், நல்ல இல்லத்துக்கும் அதுவே காவல்.

உச்ச நீதிமன்றம் 2010-ல் பெருநகரங்களுக்குச் சொன்னதும், பின்னால் வந்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் வகுத்ததும் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவு. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை 2,07,327. அப்படியானால் இரண்டு. கட்டடம் மாநகராட்சியின் வேலை. மனிதர்களைத் தேடி உள்ளே கொண்டுவந்து சேர்க்கக் கட்டடத்துக்குத் தெரியாது. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் பங்குக்குப் பங்கு இருக்கிறார்கள். ஏழை வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுவது அவர்கள் வழக்கம். கதவே இல்லாதவரிடம் போவதற்கும் அந்தக் கால்களே போதும். பங்கில் தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டங்களில் வாரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால், சொந்த ஊருக்கு ஒரு போன் போடவும், வங்கிக்குக் கூட நடக்கவும் ஆள் கிடைக்கும். மனம் பிசகியவர் என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதுகாக்கும் கடமையைக் காவல்துறைக்குத் தந்திருக்கிறது. ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வந்துவிட்டது.

வேலை செய்யத் தெம்புள்ளவருக்கு இங்கே வேலை இல்லாமல் இல்லை. வெங்காய மண்டியில் மூட்டை தூக்க, பூ மார்க்கெட்டில் எடுபிடி வேலைக்கு, பிரியாணிக் கடைகளில் பாத்திரம் கழுவ எப்போதும் ஆள் தேடுகிறார்கள். அன்றாடக் கூலி கையில் வரும். இரவில் தூங்கும்போது அது இடுப்பிலிருந்து போய்விடும். குளிக்காத ஆளை மறுநாள் கடைக்காரர் சேர்க்கமாட்டார். பூட்டுக்குப் பேர்போன ஊரில் ஒருவருக்குப் பூட்டிவைக்க ஒரு பெட்டி கிடைப்பதில்லை என்பது வேடிக்கைதான். கோயில் வளாகத்தில் ஒரு குளியலறை, சாவியோடு இருபது சிறு பெட்டிகள். மாதம் ஒரு அன்னதானத்தின் செலவுகூட ஆகாது. குடிநோயாளிகளுக்கு, வெளியார் காசே வாங்காமல் தங்களுக்குள் வசூலித்து நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு மறைக்கல்வி அறையைத் திறந்துவிட்டால் போதும்.

இதில் ஒன்றைக்கூடச் சோற்றுக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்பது என் கட்சி. முதலில் சாப்பிடட்டும். பேர் கேட்டாலே எழுந்துபோகிறவர்கள் இருப்பார்கள். ஓடிவந்த வீட்டுக்குத் தகவல் போய்விடுமோ என்று பயப்படுகிற பெண்கள் இருப்பார்கள். அவர்களிடம் அடுத்த செவ்வாய் கேட்கலாம். அதற்கடுத்த செவ்வாயும் கேட்கலாம். சிலர் கடைசிவரை சொல்லாமல், எந்தத் தொகைக்கும் மனுப் போடாமல் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கான அரிசியையும் சேர்த்தேதான் அளக்க வேண்டும்.