ஒரு பிள்ளைக்கு இரண்டு குலுக்கல், இன்னொன்றுக்கு ஒன்று

கல்வி உரிமைச் சட்டப்படி மகாராஷ்டிரத் தனியார் பள்ளிகள் குலுக்கல் மூலம் தரும் 25 சதவீத இலவச இடங்களுக்கு, 2025-26 கல்வியாண்டில் விண்ணப்பிக்க 2025 ஜனவரி 27 கடைசி நாளாக முதலில் அறிவிக்கப்பட்டது. நவி மும்பையின் கோபர்கைரனேயிலிருந்து வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: பிள்ளையின் வயது கணக்கில் வருமா?

2025-26இல் ஒன்றாம் வகுப்புக்கு 2018 ஜூலை 1 முதல் 2019 டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. மொத்தம் பதினெட்டு மாதம். கல்வியாண்டு என்னவோ பன்னிரண்டு மாதம்தான். மிஞ்சுகிற ஆறு மாதத்தில்தான் விஷயமே இருக்கிறது. 2019 அக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஆண்டுக் குலுக்கலில் பெயர் வராவிட்டால், இதே கணக்கு நீடிக்கும்வரை, அடுத்த ஆண்டும் ஒன்றாம் வகுப்புக்கே விண்ணப்பம் போடலாம். அதே பகுதியில் 2019 மார்ச்சில் பிறந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் அதுவே கடைசி வாய்ப்பு. வருமானமும் தூரமும் ஒன்றாக இருந்தாலும் ஒரு வீட்டுக்கு இரண்டு குலுக்கல், பக்கத்து வீட்டுக்கு ஒன்று. சமவாய்ப்புக்காக வந்த சட்டத்தில் இது சிறிய ஓட்டை அல்ல.

அந்த இரண்டாவது வாய்ப்பும் சும்மா கிடைப்பதில்லை. ஓராண்டு காத்திருக்கும் பிள்ளையைக் கட்டணம் கட்டி சீனியர் கேஜியில் வைத்திருக்க வேண்டும், அல்லது வீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

பள்ளியின் வகையையும் வயதே முடிவு செய்துவிடுகிறது. ஒவ்வொரு பள்ளியும் இந்த இடங்களைத் தன் நுழைவு வகுப்பில் மட்டுமே தரும். நர்சரியில் சேர்க்கும் பள்ளிக்கு ஐந்து வயதுப் பிள்ளையுடன் போனால் கதவு சாத்தியாகிவிட்டது.

‘ஆறு வயது நிறைவு’ என்ற அரசின் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். 2020 செப்டம்பரில் வந்த அரசாணை, வயதைக் கணக்கிடும் நாளை செப்டம்பர் 30இலிருந்து டிசம்பர் 31க்குத் தள்ளியது. பள்ளி திறப்பது ஜூனில். டிசம்பரில் பிறந்த பிள்ளை ஐந்தரை வயதிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது.

மற்ற கேள்விகள்.

கேந்திரிய வித்யாலயா? மார்ச் 31 அன்று ஆறு முடிந்திருக்க வேண்டும். 2019 அக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு அங்கே 2025-26இல் இடமில்லை.

ஊரில் சேர்த்தால்? தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று ஐந்து முடிந்தாலே ஒன்றாம் வகுப்பு.

25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் இல்லையா? மருத்துவமனை அல்லது அங்கன்வாடிப் பதிவேடு போதும். அதுவும் இல்லாவிட்டால் பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம்.

வாடகை வீடா? பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும்.

வருமானம்? பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்க்குள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வரம்பில்லை.