பாசியின் எண்ணெயும் பகலவன் ஒளியும்

குளத்து நீர் சில நாட்களிற் பச்சை நிறம் பெறுவதைக் காணாதார் இலர். அந்நிறத்தைத் தருவன, தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள். வேரும் இலையும் இன்றி, பெரும்பாலும் ஒரே கலத்தை உடலாகக் கொண்ட இவை, சூரிய ஒளியின் துணையால் காபனீரொட்சைட்டையும் நீரையும் உணவாக்குகின்றன. அவ்வுணவின் ஒரு பகுதி எண்ணெயாகிறது. அது எவ்வளவு, எத்தகையது என்பதில் ஒளிக்கும் வெப்பத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

ஒளி மிகுந்தாற் பாசி வளரும்; ஆயின் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நண்பகல் வெயிலின் ஒரு சிறு பங்கே ஒரு கலத்துக்குப் போதுமானது. மிஞ்சிய ஒளி, ஒளித்தொகுப்பு நிகழும் உறுப்பையே பழுதாக்கும். தொட்டியின் மேற்பரப்பிலுள்ள கலங்கள் வெயிலில் வாட, அவற்றின் நிழலில் அடியிலுள்ளவை ஒளியின்றித் தவிக்கும். இதனாலேயே பாசி வளர்ப்போர் துடுப்புச் சக்கரங்களால் நீரை இடைவிடாது கலக்குகின்றனர். மங்கிய ஒளியில், கலம் ஒளியைப் பற்றும் மென்சவ்வுகளைப் பெருக்குகிறது. அவற்றில் நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிகுதி. ஒளி மிகும்போது, வளர்ச்சிக்குச் செலவாகாத காபன் சேமிப்பு எண்ணெயாக ஒதுங்குகிறது. பல இனங்களில் அவ்வெண்ணெயில் நிரம்பிய கொழுப்பமிலங்கள் கூடும்.

இனி வெப்பம். குளிர்ந்த காலையிற் போத்தலிலுள்ள தேங்காயெண்ணெய் உறைவதையும் நல்லெண்ணெய் உறையாதிருப்பதையும் யாவரும் அறிவர். முன்னையதில் மிகுந்துள்ள நிரம்பிய கொழுப்பமிலங்கள் நேரான சங்கிலிகள். அடுக்கிய விறகுபோல் நெருங்கி இறுகும். நிரம்பாதவை வளைந்தவை, எளிதில் இறுகா. பாசியின் மென்சவ்வு இளகியிருந்தாலன்றிக் கலம் இயங்காது. ஆகவே நீர் குளிரும்போது அது நிரம்பாத கொழுப்பமிலங்களைக் கூட்டுகிறது, வெம்மையிற் குறைக்கிறது. ஆனால் குளிரில் வளர்ச்சி மந்தமாகும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. 1949இல் அமெரிக்க அறிஞர்களான ஸ்போரும் மில்னரும், குளோரெல்லா என்னும் பாசியின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்திருந்த கொழுப்பை, வளர்ப்பு நிலைகளை மாற்றி 85 வரை உயர்த்தலாம் எனக் காட்டினர். நைதரசன் பஞ்சமே இதன் முதன்மையான காரணம். ஆயினும் பஞ்சத்தில் எண்ணெய் சேர்க்கும் பாசி, பெருகுவதை நிறுத்திவிடுகிறது. கலத்தில் எண்ணெய் மிகுந்தும் தொட்டியில் மொத்த எண்ணெய் மிகுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் சக்தித் திணைக்களம் 1978 முதல் 1996 வரை நடத்திய ஆய்வும் இவ்வுண்மையையே கண்டது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் ரொஸ்வெல் நகரில் அமைந்த திறந்த குளங்களில், சிற்சில நாட்களில் ஒரு சதுர மீற்றருக்கு 50 கிராம் வரை பாசி விளைந்தது. ஆனால் அவ்விடத்துக் குளிர், அவ்விளைச்சல் நிலைக்கவொட்டாது தடுத்தது. வெயில் மிகுந்த நிலம் என்பது மட்டும் போதவில்லை.

இது எரிபொருள் தேடுவோரின் கவலை மட்டுமன்று. இதயத்துக்கும் மூளைக்கும் நலந்தரும் ஒமேகா-3 கொழுப்பமிலங்களை மீன்கள் பெரும்பாலும் தாமே ஆக்குவதில்லை. கடற்பாசிகள் ஆக்கியவற்றைச் சிற்றுயிர்கள் வழியாகப் பெறுகின்றன. கடல்நீர் வெப்பமுற்றால் பாசிகள் இவற்றைக் குறைத்தே ஆக்கக்கூடும். அவ்வாறாயின், வலையில் விழும் மீனின் எண்ணிக்கை குறையாவிடினும் உண்போர் பெறும் சத்துக் குறையும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கலம் குளிருக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் முறை, இவ்வாறு மனிதரின் உணவுத் தட்டு வரை வந்து சேர்கிறது.