தூண்டில் போட வரும் விருந்தாளிகள்... ஆற்றை ஓடவிட்ட தீர்த்தன் விவசாயிகள்!

இமாச்சலப் பிரதேசம், குலு மாவட்டத்தில் இருக்கிறது தீர்த்தன் பள்ளத்தாக்கு. ஆப்பிள், பேரி, பூண்டு, ராஜ்மா... இவைதான் இங்குள்ள குடும்பங்களின் வெள்ளாமை. நிலமோ மலைச்சரிவில் படிக்கட்டு போலத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு ஆலங்கட்டி மழை பெய்தால் அந்த வருஷத்து ஆப்பிள் போச்சு. ஆனால், மார்ச் பிறந்துவிட்டால் குஷைனி, பஞ்சார் பகுதிகளில் உள்ள பல வீடுகளுக்கு வேறொரு வருமானம் வரத் தொடங்கிவிடும். தோளில் தூண்டிலோடு வரும் விருந்தாளிகள்தான் அந்த வருமானம்.

அவர்கள் தேடி வருவது ட்ரௌட் மீனை. இது இந்திய மீன் இல்லை. 1900-ம் ஆண்டு வாக்கில் பிரிட்டனிலிருந்து முட்டைகளாகக் காஷ்மீருக்கு வந்தது. அங்கிருந்து 1909-ல் குலுவுக்குக் கொண்டு வந்து ஆறுகளில் விட்டார்கள். பனி உருகி ஓடும் தண்ணீர், கூழாங்கல் படுகை, பாறையில் மோதி நுரைக்கும் ஓட்டம் என எல்லாம் பொருந்திப்போக, பழுப்பு ட்ரௌட் இங்கேயே இனப்பெருக்கம் செய்து நிலைத்துவிட்டது. உள்ளூர்க் குளிர்நீர் மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது என்று மீனியல் வல்லுநர்கள் சொல்லும் குறையும் நியாயமானதுதான்.

இந்த மீன்தான் ஆற்றுக்கே காவலாக நின்றது என்பது தீர்த்தனின் தனிக்கதை. பக்கத்துச் சைஞ்ச் பள்ளத்தாக்கில் 520 மெகாவாட் பார்வதி-3 நீர்மின் நிலையம் வந்துவிட்டது. தீர்த்தன், பியாஸ் ஆற்றில் சேரும் லார்ஜியில் 126 மெகாவாட் திட்டம் இருக்கிறது. தீர்த்தனிலும் அதன் ஓடைகளிலும் வரிசையாகச் சிறு நீர்மின் திட்டங்கள் போடத் திட்டமிட்டபோது, ஊர் மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் திட்டங்கள் கைவிடப்பட்டன. இப்படிப்பட்ட திட்டங்களில் ஆற்று நீரைச் சுரங்கத்துக்குள் திருப்பி, பல கிலோமீட்டர் தள்ளித்தான் மறுபடி ஆற்றில் விடுவார்கள். இடைப்பட்ட தூரத்தில் ஆறு வெறும் கல்லாகக் கிடக்கும். மீன் போகும், வாய்க்காலும், அதன் ஓரத்தில் இருக்கும் நீர் ஆட்டுக்கல்லும்கூட நின்றுபோகும்.

வீட்டில் இரண்டு அறையைச் சுத்தம் செய்து வாடகைக்கு விடுவதுதான் இங்கு முதல் படி. இதற்காக 2008-லேயே மாநில அரசு ‘ஹோம் ஸ்டே’ திட்டம் கொண்டு வந்தது. பதிவு செய்துகொண்டால் போதும். சாப்பாட்டுக்குத் தோட்டத்துக் கீரையும் ராஜ்மாவும். மீன் இருக்கும் மடு எது, பாறை வழுக்கும் இடம் எது என்று காட்டிக் கூடவே போகும் வழிகாட்டி வேலையில், ஊர் இளைஞர்களுக்குத் தினக்கூலி. தூண்டில் போடுபவர் மீன்வளத் துறையிடம் உரிமச் சீட்டு வாங்க வேண்டும். கொக்கியில் முள் இல்லாத தூண்டிலால் பிடித்து, ஈரக் கையால் விடுவித்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுபவர்கள்தான் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த விருந்தாளிகள். கணக்கு எளிது. சட்டியில் போன மீன் ஒரு வேளைச் சாப்பாடு. ஆற்றில் நீந்தும் மீனோ அடுத்த வாரமும் ஒரு விருந்தாளியை அழைத்து வரும்.

தட்டில் வைக்கும் மீனுக்குப் பண்ணை இருக்கிறது. ஓடைத் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும்படி கட்டிய நீளமான சிமென்ட் தொட்டிகளில் வானவில் ட்ரௌட் வளர்க்கிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் நின்றால்கூட மொத்த மீனும் மூச்சுத்திணறிச் செத்துவிடும். புரதம் கூடுதலாக உள்ள தீவனம்தான் பெரிய செலவு. ‘மத்ஸ்ய சம்பதா’ திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் 60 சதவிகிதமும் மானியம் உண்டு. இடம் ஆற்றோரம் என்பதால் ஆபத்தும் கூடவே இருக்கிறது. 2023 ஜூலை வெள்ளத்தில் குலு, மண்டி மாவட்டங்களில் தொட்டிகளை மீனோடு இழந்தவர்கள் உண்டு. கரையிலிருந்து எத்தனை உயரத்தில் தொட்டி கட்டுவது என்பதை மானியத்தைக் கேட்பதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

போக விரும்புகிறவர்கள் மார்ச் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கி அக்டோபர் முடிய போகலாம். ஜூலை, ஆகஸ்டில் ஆறு கலங்கி ஓடும், மலைச்சரிவும் உண்டு. நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய தூண்டிலுக்குத் தடை. அப்போதுதான் பழுப்பு ட்ரௌட் கூழாங்கல்லைக் குழித்து முட்டையிடும். டெல்லியிலிருந்து மணாலி போகும் பேருந்தில் ஏறி, அவுட் என்ற ஊரில் இறங்கி, பஞ்சார் வண்டி பிடிக்க வேண்டும்.

“ட்ரௌட்டை நம் பண்ணைக்குட்டையில் வளர்க்கலாமா?” என்று கேட்கும் வாசகர்களுக்கு: முடியாது. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இந்த மீன் துவண்டுவிடும். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற குளிர் நீலகிரியின் உயரமான ஓடைகளில்தான் இருக்கிறது. அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார்கள். சமவெளியில் குட்டை வைத்திருப்பவர்களுக்குக் கட்லா, ரோகு, மிர்கால் கூட்டு வளர்ப்புதான் சரி.